திருகோணமலை வளாகத்தில் படிக்க வந்தால் எங்கே தங்குவது? இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஒரு தந்தை, ஹட்டன்

என் மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கிறாள். முதலாம் ஆண்டு வளாக விடுதியில் இருந்தாள். இனி வெளியே அறை பார்க்க வேண்டும் என்கிறாள். அந்தப் பக்கம் எங்களுக்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை. அலஸ்தோட்டத்தில் கடலுக்குக் கிட்ட ஓர் அறை இருக்கிறது, வாடகையும் குறைவு என்று தரகர் ஒருவர் சொல்கிறார். முற்பணம் கொடுக்கும் முன் உங்கள் அனுபவத்தைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

முன்னாள் மாணவி, வணிகக் கற்கைகள்

ஐயா, வாடகை குறைவு என்று எந்த மாதத்தில் சொல்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

வெளியூர்ப் பெற்றோர் பலர் வளாகம் நகரத்துக்குள் இருப்பதாக நினைக்கிறார்கள். அது நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் இருக்கிறது. நகரத்திலிருந்து வடக்கே போகும்போது உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு எல்லாம் கடந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டும். மாணவர்கள் அறை தேடும் இதே வீதியில்தான் உல்லாசப் பயணிகளும் அறை தேடுகிறார்கள். கிழக்கில் கடல் அடங்கிக் கிடப்பது சித்திரை கழிந்து புரட்டாதி வரைக்கும். அந்த மாதங்களில் கடற்கரை ஓரம் ஒரு கட்டில்கூடச் சும்மா கிடக்காது. ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கி மழை கொட்டும்போது அதே அறைகள் வெறுமையாகிவிடும். அப்போதுதான் மாணவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பார்கள்.

நாங்கள் மூன்று பேர் அலஸ்தோட்டத்தில் அப்படி ஒரு மழைக்காலத்தில் குடிபோனோம். நல்ல அறை. யன்னலைத் திறந்தால் கடற்காற்று. வீட்டுக்காரரும் தன்மையான மனிதர். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தோம். எங்கள் புத்தகங்களும் உடுப்புப் பைகளும் பின்விறாந்தையில் பழைய படங்கு ஒன்றால் மூடிக் கிடந்தன. அறைக்குள் புது வெள்ளை விரிப்பு, கட்டில் காலடியில் சுருட்டி வைத்த இரண்டு துவாய்கள், சுவரில் ஆங்கிலத்தில் ஒரு விலைப்பட்டியல். "பிள்ளைகள், புரட்டாதி வரைக்கும் வேறு இடம் பாருங்கள், பிறகு வாருங்கள்" என்றார் அவர். செமஸ்டர் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வாய்ப்பேச்சில் கொடுத்த அறைக்கு எந்தத் தாளைக் காட்டிக் கேட்பது?

அவர் நிலைமையும் எனக்குத் தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், அடுத்து கொரோனா, அடுத்து 2022 எரிபொருள் நெருக்கடி என்று வரிசையாக அடிபட்ட கரை அது. வருடச் செலவு முழுவதையும் நாலைந்து மாத வருமானத்தில் தேடுகிற குடும்பங்கள். ஆனால் எங்கள் விரிவுரைகள் வைகாசியில் நின்றுவிடுவதில்லையே. பருவகாலத்தில் அறையைத் திருப்பிக் கேட்கும் எண்ணம் இருந்தால் முற்பணம் வாங்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வாங்குவது நியாயம் இல்லை.

ஆகவே ஐயா, ஒப்பந்தத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கு எழுத்தில் வாங்குங்கள். மின்கட்டணம் யார் பொறுப்பு, முற்பணம் எப்போது திரும்பும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம். கடற்கரைப் பக்கத்தை விட்டு, வீதியின் மேற்குப் பக்கத்தில் குடும்பம் இருக்கும் வீடாகப் பாருங்கள். எங்களுக்குக் கடைசியில் கை கொடுத்தது சாம்பல்தீவில் அப்படி ஒரு வீடுதான்.

மூன்றாம் ஆண்டு மாணவன், பிரயோக விஞ்ஞான பீடம்

அக்கா சொன்னதோடு தண்ணீரையும் சேர்க்க வேண்டும். கடலுக்குக் கிட்டக் கிட்டப் போகக் கிணற்று நீர் சவர்க்கும். மழை பெய்து கிணறு நிறைந்திருக்கும்போது வாயில் வைத்தால் தெரியாது. ஆடி, ஆவணியில் சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி கயிறு போல் ஆகிவிடும். வீடு பார்க்கப் போகும் அன்று கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளிக் கை கழுவிப் பாருங்கள். குழாய் நீர் இருக்கிறது என்றால் அது எந்த நேரம் வருகிறது, குசினியில் வருகிறதா, முற்றத்தில் மட்டுமா என்று கேளுங்கள். குடிக்க மாதம் முழுவதும் தண்ணீர் வாங்கினால் குறைந்த வாடகையால் ஒரு பயனும் இல்லை.

நான் சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் போகிறேன். 2022 இல் பெற்றோல் வரிசை வீதி நீளத்துக்கு நின்ற காலத்தில் நகரத்தில் இருந்த அண்ணன்மார் பட்ட பாட்டை இன்னும் கதை கதையாகச் சொல்கிறார்கள். மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் காலம் தள்ளுபவர்களுக்குச் சைக்கிள் தூரத்தில் ஓர் அறை பெரிய ஆறுதல்.

உவர்மலைவாசி, சித்த மருத்துவம் படித்து வெளியேறியவர்

எல்லோரும் நிலாவெளி வீதியையே சொல்கிறீர்கள். நான் படித்த காலம் முழுவதும் நகரத்தில்தான் இருந்தேன், அதில் எனக்குக் குறை இல்லை. பொதுநூலகம், ஆஸ்பத்திரி, சந்தை, புகையிரத நிலையம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். மாலையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். அந்தப் பணம்தான் என் படிப்பை முடித்தது. கோணேசபுரியில் இருந்திருந்தால் அந்த வகுப்புகள் கிடைத்திருக்காது. உழைத்துப் படிக்க வேண்டிய பிள்ளைக்கு நகரம்தான் என்பேன். கோட்டைப் பக்கத்து மான்கள் விடிகாலையில் வீதிக்கு வந்து நிற்கும் ஊர் இது. அவற்றைப் பார்த்துக்கொண்டே பஸ் நிலையத்துக்கு நடப்பேன்.

கஷ்டம் பஸ்ஸில்தான். காலையில் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை என்று எந்தப் பலகையைப் பார்த்தாலும் ஏறிவிடலாம், வளாகத்தைக் கடந்துதான் போகும். இருட்டிய பிறகு திரும்பி வருவது அப்படி இல்லை. ஆய்வுகூடம் பிந்தினால் வீதியில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். ஐயா, மகளோடு வந்து ஒரு நாள் மாலை ஆறரைக்கு மேல் வளாக வாசலில் நின்று பாருங்கள். எத்தனை பஸ் நிற்கிறது, எத்தனை நிற்காமல் போகிறது என்று கண்ணால் கண்ட பிறகு முடிவு எடுங்கள்.

இன்னொன்று. மூத்த மாணவர்கள் மொத்தமாக வாடகைக்கு எடுத்த வீட்டில் தனியாக ஒரு கனிஷ்ட மாணவியைச் சேர்த்துவிடாதீர்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் கல்வி நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றம் என்கிறது. போர்டிங் வீடு சட்டத்துக்கு வெளியே என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வீட்டுக்கார அம்மா, சாம்பல்தீவு

தம்பி, தங்கச்சிமார் எல்லோரும் எழுதியதை வாசித்தேன். அறை கொடுப்பவர்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

என் வீட்டில் பல வருடங்களாகப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். வவுனியா, மூதூர், மட்டக்களப்பு, குருநாகல் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள். ஒரு வருடம் ஒரே அறையில் ஒரு சிங்களப் பிள்ளையும் ஒரு முஸ்லிம் பிள்ளையும். நோன்பு மாதத்தில் அந்த முஸ்லிம் பிள்ளை விடியுமுன் சஹர் உணவுக்கு எழும்பும்போது மற்றவளும் எழும்பித் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பாடம் படிக்க இருப்பாள். குசினியில் எந்தச் சட்டி யாருக்கு, எந்த அடுப்பில் என்ன சமைக்கலாம் என்று முதல் நாளே மூவருமாக இருந்து பேசிக்கொண்டோம். அந்த வருடம் முழுவதும் ஒரு முகச்சுளிப்பு வரவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் பலர் வாடகையைப் பேசிவிட்டுப் போகிறார்கள், இதைக் கேட்பதே இல்லை. சமையல், பூசை, விரதம், தொழுகை எல்லாம் முதலிலேயே பேசுங்கள்.

பிந்தி வருவது எனக்குப் பிரச்சினை இல்லை, சொல்லாமல் பிந்துவதுதான் பிரச்சினை. பஸ் கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மகன் மோட்டார் சைக்கிளில் போய்ச் சந்தியில் நிற்பான். அப்படிச் செய்யக்கூடிய வீடா என்று பாருங்கள் ஐயா. பக்கத்து வீட்டுக்காரரிடமும் விசாரியுங்கள், அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

2004 இல் கடல் வந்ததைக் கண்டவர்கள் நாங்கள். 2020 மார்கழியில் புரெவிப் புயல் இந்த மாவட்டக் கரையில்தான் ஏறியது. அதனால் என் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் கிழமையிலேயே மேற்கே போகும் ஒழுங்கையைக் காட்டிவிடுவேன், இரவில் எச்சரிக்கை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் வீட்டிலும் அதைக் கேளுங்கள். கூரைத் தகடு ஆணி பிடித்திருக்கிறதா, மழைக்கு முற்றத்தில் தண்ணீர் நிற்குமா என்பதும் முக்கியம். வெயில் காலத்தில் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். முடிந்தால் கார்த்திகை மழையில் ஒரு தடவை வந்து பாருங்கள். அதுவரைக்கும் தரகருக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். மகளுக்கு அவசரமாக இடம் வேண்டுமானால் விடுதிப் பொறுப்பாளரிடம் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.