பழைய கொரியச் சண்டைப் படங்களில் அப்படி என்ன சுவை?

கேள்வி: எழுபதுகளில் வந்த கொரியச் சண்டைப் படங்களை, தேய்ந்துபோன வீடியோ பிரதிகளில், உதட்டசைவோடு ஒட்டாத ஆங்கில டப்பிங்குடன் பார்ப்பதில் இரசிகர்கள் என்ன இன்பம் காண்கிறார்கள்?

மறுமொழி 1: கால்வீச்சுதான், ஐயா. டேக்வாண்டோ பயின்றவர்களின் உதைக்கு ஈடில்லை. 1978இல் ஜாக்கி சானுக்கு வில்லனாக நடித்த ஹ்வாங் ஜாங் லீயைக் கவனியுங்கள். உயர்த்திய காலைத் தரையில் இறக்காமலேயே மீண்டும் மீண்டும் உதைப்பார்.

மறுமொழி 2: இயக்குநர் லீ டூ யோங் 1974இல் ஹான் யோங் சோலை நாயகனாக்கி எடுத்த படங்களையும் விட்டுவிடாதீர்கள். கதை என்னவோ பழிவாங்கல்தான். ஆயினும் எனக்குச் சலித்ததில்லை.

மறுமொழி 3: ஹாங்காங் விநியோகஸ்தர்கள் சிலர் கொரியப் படங்களை வாங்கி, தலைப்பையும் நடிகர் பெயர்களையும் மாற்றி வெளிநாடுகளில் விற்றதால், மூலப்படம் எதுவென்று முகங்களை ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பதே பலருக்குப் படத்தைவிடப் பெரிய விருந்தாக இருக்கிறது.