தூங்கினாலே கை சரியாகிவிடும் குழந்தைக்கு ஸ்பெக்ட் ஸ்கேன் எப்படி?

குட்டிம்மாவின் அம்மா:
மகளுக்கு இரண்டே கால் வயது. ஏ.எச்.சி., அதாவது கை கால் பக்கம் மாறி மாறிச் செயலிழக்கும் குழந்தைப் பருவ நோய் என்கிறார்கள். ஒரு நாள் இடது கையும் காலும் துவண்டு விழும், இன்னொரு நாள் வலது பக்கம், சில நாள் இரண்டுமே. எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை. இ.இ.ஜி.யிலும் வலிப்பு தெரியவில்லை. இந்த நோயோடு தொடர்புள்ள ஏ.டி.பி.1.ஏ.3 மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அதற்குள் மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்க ஸ்பெக்ட் எடுக்கலாமா என்கிறார் டாக்டர், அதுவும் கை விழுந்திருக்கும்போது. இவள் அசையாமல் படுக்கிற ஆளில்லை, மயக்கம் கொடுத்தாக வேண்டும். ஆனால் கண்ணயர்ந்தால்தான் கை சரியாகிவிடுமே! அப்புறம் எதைப் படம் எடுப்பார்கள்? டாக்டர் அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

ஸ்கேன் அறைக்காரன்:
நல்ல கேள்வி அம்மா. படத்தில் தெரிவது கேமராவுக்குள் படுத்த நேரம் அல்ல, ஊசி போட்ட நேரம். டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த மருந்து ரத்தத்தோடு மூளைக்குப் போய் ஒன்றிரண்டு நிமிடத்தில் அங்கேயே தங்கிவிடும். ரத்தம் அதிகம் ஓடிய இடத்தில் அதிகம் தங்கும். பிறகு அவள் தூங்கினாலும் கை சரியானாலும் அது இடம் மாறாது. டெக்னீசியம் பாதியாகக் குறைய 6 மணி நேரம் ஆகும் என்பதால் படத்தைக் கொஞ்சம் தாமதமாக எடுத்தாலும் கெட்டுப்போகாது. ஆகவே முதலில் ஊசி, மயக்கம் அதற்குப் பிறகுதான். கை எப்போது விழுந்தது, ஊசி எப்போது போட்டார்கள் என்று இரண்டு நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தலைவலி வேறு: மருந்து தயாராக இருக்கும்போது கை விழ வேண்டுமே!

ஒன்பது வயதுப் பையனின் அப்பா:
நாங்கள் இரண்டு தடவை எடுத்தோம். இடது கை விழுந்தபோது எடுத்ததில் வலது மூளையில் ஓட்டம் குறைவு. நன்றாக இருந்த நாளில் எடுத்ததும் ஏறக்குறைய அப்படியேதான். இந்த நோயில் சிலருக்குக் குறைவு, சிலருக்கு அதிகம், சிலருக்கு மாற்றமே இல்லை என்றுதான் பதிவாகியிருக்கிறது என்றார் டாக்டர். கை விழுந்து எவ்வளவு நேரம் கழித்து ஊசி போட்டோம் என்பதைப் பொறுத்தும் படம் மாறலாமாம். 1971இலேயே எழுதிவைத்த நோய், மரபணு பிடிபட்டது 2012இல்தான். எங்களுக்கும் விடை அந்தச் சோதனையில்தான் வந்தது. ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் அதே புளூனரிசின் மருந்துதான். 'படம் எப்படி வந்தாலும் வைத்தியம் மாறுமா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேறு ஏதாவது நோயோ என்று சந்தேகித்து எடுக்கச் சொன்னால் அது வேறு கதை.

குட்டிம்மாவின் அம்மா:
கேட்டேன். மாறாது என்றார். மரபணு முடிவு வரும்வரை ஸ்பெக்ட் வேண்டாம், கை விழும்போது நேரத்தோடு வீடியோ எடுங்கள் என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் எடுத்தேன். நாற்பது நிமிடம் தூங்கி எழுந்து பந்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கால் மணி நேரத்தில் இடது கை மறுபடி விழுந்துவிட்டது.