அப்பாவோட கொறங்காடு, எட்டு மாடு. வித்துடலாமா வேண்டாமா?

மயிலக்காள:
வணக்கங்க. ஊரு மூலனூர் பக்கம், இப்ப இருக்கறது சென்னைல. அப்பா போன மாசம் தவறிட்டாரு. ஹைவேஸ்ல சாலைப்பணியாளரா இருந்து ரிட்டயர் ஆனவரு, 1997ல பத்தாயிரம் பேர எடுத்தாங்கல்ல அந்த பேட்ச். சம்பளம் அங்கன்னாலும் ஆளு மாட்டுக்காரருதாங்க. நாலு ஏக்கரா கொறங்காடு, இப்ப எட்டு உருப்படி இருக்குது, அதுல ஒண்ணு பூச்சிக்காள, அதாவது மாட்ட செனைக்கு சேக்கற காள, சுத்துவட்டாரத்துல யாரு மாட்ட ஓட்டிட்டு வந்தாலும் காசு வாங்க மாட்டாரு.

காலைல படல தொறந்து மாட்ட உள்ள உட்டுட்டு மம்பட்டியும் அருவாளும் எடுத்துட்டு ரோட்டு வேலைக்குப் போனாருன்னா சாயங்காலம் வந்து தண்ணி காட்டறதோட சரி. கால்ல தார் அப்பியிருக்கும், அம்மா தேங்காண்ணெய வெச்சுட்டு கூப்புட்டுட்டே இருப்பாங்க, அவரு காதுலயே வாங்காம மாட்டுக்கிட்ட போயிருவாரு. சின்ன வயசுல ஒரு தடவ செவலக்கன்னு ஒண்ணு ஆறேழு மாசத்துல மயிலையா, சாம்பல் நெறத்துக்கு மாறிருச்சு, அப்பா கன்ன மாத்திட்டு வந்துட்டாருன்னு நான் ஒப்பாரி வெச்சது இன்னிக்கும் ஊருக்குள்ள பேச்சு.

காரியத்தன்னைக்கு வந்த கூட்டத்துல பாதிப்பேர எனக்கு ஆளே தெரியாது. சுடுகாட்டுத் தடத்துல சீமக்கருவேலம் அடைச்சுக்கும், பாடை தூக்கிட்டு போறவங்களுக்கு முள்ளு கிழிக்கும்னு ஞாயித்துக்கெழம தனியா போயி வெட்டுவாராம். அது ஹைவேஸ் ரோடே கெடையாது, பஞ்சாயத்துத் தடம்.

இப்ப விசயம் என்னன்னா சோலாருக்கு கொறங்காட்ட குத்தகைக்கு கேட்டு ஒரு ஏஜென்ட் வந்துட்டாரு, மாட்டுக்கு ஒரு வியாபாரி வூட்டுக்கே வந்து வெல பேசறாரு. அம்மாவக் கேட்டா "உன் இஷ்டம்"ங்கறாங்க, அது இஷ்டமில்லேன்னு அர்த்தம். யாராச்சும் அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

காவிரிக்கர:
வருத்தமா இருக்கு சார். நான் தஞ்சாவூர் பக்கம், கொறங்காடுன்னா என்ன? மேய்க்க ஆள் இல்லாம மாடு எப்படி நாள் பூரா நிக்கும், எங்க ஊர்லன்னா அடுத்தவன் வயல்ல எறங்கி பஞ்சாயத்து ஆயிடும்.

கிளுவவேலி:
தஞ்சாவூர் அண்ணா, மேய்ச்சலுக்குன்னே உட்ட காடுங்க அது. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கமெல்லாம் பாக்கலாம். சுத்தியும் கிளுவ நட்டு உயிர்வேலி, உள்ள கொழுக்கட்டப்புல்லு, நடுநடுவுல வெள்வேலாமரம். மழ பேஞ்சா புல்லு, கோடைல வெள்வேலங்காய் உதுந்து கெடக்கும் அத பொறுக்கித் தின்னும். வெவரமான ஆளுக காட்ட ரெண்டு மூணா தடுத்து மாத்தி மாத்தி மேய்ப்பாங்க. வேலி நல்லா இருந்தா படல சாத்திட்டு நாம பாட்டுக்கு வேலைக்குப் போலாம், மயிலக்காள அப்பா ரெண்டையும் பாத்தது அப்படித்தான்.

தம்பி, சோலாருக்கு மட்டும் குடுத்தராதீங்க, மொதல்ல ஜேசிபி உட்டு வேலியவும் மரத்தையும்தான் வழிப்பாங்க, அப்பறம் அந்த வேலி உங்க காலத்துல வராது. காட்ட மட்டும் உள்ளூர்ல ஆடு மாடு வெச்சிருக்கறவங்களுக்கு வருசக் குத்தகைக்கு உடுங்க, வழக்கமா நடக்கறதுதான். மாடு வித்தே ஆகோணும்னா வூட்டுக்கு வந்த வியாபாரிகிட்ட வேண்டாம், பழையகோட்டை ஞாயித்துக்கெழம சந்தைக்கு ஓட்டுங்க, இல்ல சித்திரைல கண்ணபுரம் தேருக்கு ஓட்டுங்க. வளக்கறதுக்கு வாங்கறவன் அங்கதான் வருவான்.

கணக்கன்:
கசப்பா இருக்கும், சொல்லிடறேன். காங்கேயம் மாடு ரெண்டு மூணு லிட்டர் கறந்தாலே பெருசு, பாலுக்குன்னு வெச்சா தீவனக் காசு கூட வராது. வயசான அம்மா, எட்டு மாடு, நீங்க சென்னைல. ஒரு மாடு முட்டுச்சுன்னா யாரு தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடறது? எங்க வூட்லயும் அப்பா நெனப்புக்குன்னு ரெண்டு வருசம் வெச்சிருந்தோம், ஆளு கெடைக்காம கடைசில பாதி வெலைக்குத்தான் போச்சு. காடு இருக்கட்டும், மாட்ட இப்பவே குடுத்துருங்க.

நாப்பத்தியொருமாசம்:
நானும் அதே 97 பேட்ச்தான் தம்பி, வேற டிவிஷன். உங்கப்பாவ எனக்குத் தெரியாது. ஆனா பெர்ம், அதான் ரோட்டோர மண்ணு, செதுக்கறது, குழி அடைக்கறது, வாய்க்கா தோண்டறதுன்னு வெயில்ல நிக்கற பொழப்பு எல்லாருக்கும் ஒண்ணுதான். 2002 செப்டம்பர்ல ஒரே நாள்ல அத்தன பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, திரும்ப எடுத்தது 2006 பிப்ரவரில. 41 மாசம். அத பணிக்காலமா சேக்கச் சொல்லி வருசக்கணக்கா எத்தனையோ ஆர்ப்பாட்டம் பண்ணியாச்சு. எங்க கேங்குல சிலபேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாங்க, நான் கட்டட வேலைக்குப் போனேன். மாடு வெச்சிருந்தவன் மட்டுந்தான் கடன் வாங்காம தாக்குப் புடிச்சான். கணக்கன் சார் லிட்டர் கணக்கு சொல்றாரு, அந்தக் கணக்குல இது வராது.

மயிலக்காள:
எல்லாருக்கும் நன்றிங்க. 41 மாசம்னு படிச்சதும் கொஞ்ச நேரம் போன கீழ வெச்சுட்டேன். அப்ப நான் எட்டாவது. மூணு மாட்ட வித்துத்தான் வூடு ஓடுச்சு. அந்த நேரத்துலயும் ஒருநாள் பாலத்துக்கு முன்னாடி வளைவுல இருந்த குழிய சொந்தமா சரளமண்ணு அள்ளிட்டுப் போயி மூடிட்டு வந்தாரு. சம்பளமில்லாத ஆளுக்கு என்ன கேடுன்னு அம்மா புடிச்ச சண்ட எனக்கு ஞாபகம் இருக்குது, அவரு "பால்காரன் உளுந்துட்டான்"ன்னு மட்டும் சொல்லிட்டு கால் கழுவப் போயிட்டாரு.

கணக்கன் அண்ணா சொல்றதும் நெசந்தாங்க, எட்டு மாடு அம்மாவால ஆகாது. நேத்து நைட்டு பேசி, அஞ்ச சந்தைக்கு ஓட்டறதுன்னும் பூச்சிக்காளையும் ரெண்டு மாடும் இருக்கட்டும்னும் முடிவு பண்ணியாச்சு, தண்ணி காட்ட பக்கத்துக்காட்டு மாமா பையன் ஒத்துக்கிட்டான், பதிலுக்கு அவன் ஆடு நம்ம காட்டுல மேயும். ஏஜென்ட்டுக்கு இல்லேன்னு சொல்லிட்டேன், அம்மா அதுக்கு மட்டும் "ம்"ன்னாங்க.

ஒரு டவுட்டு. வடக்கு வேலில ரெண்டு ஆள் பூர்ற அளவுக்கு சந்து உளுந்திருக்குது, அப்பா படுத்ததுல இருந்து யாரும் பாக்கல. கிளுவ போத்து எங்க கெடைக்கும்?

கிளுவவேலி:
காசு குடுத்து யாரும் வாங்க மாட்டாங்க தம்பி, உங்க வேலிலயே நல்லா முத்துன கெளையா பாத்து வெட்டி ஊன வேண்டிதுதான். மழைக்கு முன்னாடி ஊனிருங்க. நான் வெள்ளக்கோவில்தான், என்னிக்கு வர்றீங்கன்னு மெசேஜ் போடுங்க, அருவாளோட வந்தர்றேன்.