டெல்டா குவீன் என்ற அமெரிக்க ஆற்று நீராவிக் கப்பலை 2008ல் நிறுத்தியது நியாயமா?

நீராவிப்பித்தன்:
ஒரே வரியில் சொல்கிறேன், அநியாயம். 1927ல் கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே இரவுப் பயணத்துக்கு இறங்கிய கப்பல் அது. உலகப் போரில் கடற்படை எடுத்துக்கொண்டது. 1946ல் கப்பல் கம்பெனிக்காரர் டாம் கிரீன் வாங்கி, மறு வருடம் பக்கமெல்லாம் பலகை அடித்து மூடி, பனாமா கால்வாய் வழியாக இழுத்துக்கொண்டு வந்து ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகளில் விட்டார். அங்கே அறுபது வருடம் ஓடியதை ஒரு சட்டத்தைக் காட்டி நிறுத்திவிட்டார்கள்.

சுக்கான்:
ஒரு சட்டம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். 1965ல் மியாமியிலிருந்து நாசாவ் போன யார்மவுத் காசில் என்ற பயணிகள் கப்பல் நடுக்கடலில் எரிந்து 90 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான், 1966ல், ஐம்பது பேரோ அதற்கு மேலோ இரவு தங்கும் கப்பலில் எரியக்கூடிய கட்டுமானம் கூடாது என்று அந்தச் சட்டம் வந்தது. டெல்டா குவீனுக்கு அடிப்பாகம்தான் எஃகு, பயணிகள் தூங்கும் அடுக்கெல்லாம் மரம். அதில் போனவர்களில் பலர் ஓய்வு பெற்ற பெரியவர்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தீப்பிடித்திருந்தால் யார் யாரை எழுப்புவது?

நீராவிப்பித்தன்:
அது கடல், இது ஆறு. இரண்டு பக்கமும் கரை. அதனால்தான் 1968 முதல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே அந்தச் சட்டத்திலிருந்து திரும்பத் திரும்ப விலக்குக் கொடுத்தது. தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும் இருந்தது.

சுக்கான்:
கரை பக்கத்தில் இருந்தால் போதுமா? 1904ல் ஜெனரல் ஸ்லோக்கம் என்ற பயணிகள் கப்பல் எரிந்தது நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில், பட்டப் பகலில், கரையிலிருந்து ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஆயிரத்துக்கும் மேல் சாவு.

நீராவிப்பித்தன்:
சரி, ஆனால் ஸ்லோக்கத்தில் தண்ணீர்க் குழாய்கள் மக்கிப்போயிருந்தன, மிதவைச் சட்டைகள் உளுத்துப்போயிருந்தன, ஊழியர்களுக்குப் பயிற்சியே கிடையாது. அது பராமரிக்காத குற்றம். அதை வருடாவருடம் சோதனை பார்த்த கப்பல் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

கரையோரவாசி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2008ல் நடந்தது வெறும் தீ விஷயம் இல்லை என்பது என் எண்ணம். நாற்பது வருடம் கொடுத்த விலக்கை அப்போது மட்டும் ஏன் நிறுத்தினார்கள்? கப்பலில் தொழிற்சங்கத் தகராறு ஓடிக்கொண்டிருந்தது, காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் போக்குவரத்துக் குழுத் தலைவராக இருந்த ஓபர்ஸ்டார் நீட்டிப்பை எதிர்த்தார். அவர் சொன்ன காரணம் பாதுகாப்பு. கப்பலை நேசித்தவர்கள் நம்பவில்லை.

சுக்கான்:
அரசியல் இருக்கட்டும் சார், அதனால் மரம் எரியாமல் போய்விடுமா?

நீராவிப்பித்தன்:
எரியும்தான். அதற்குத்தான் 2018ல் மறுபடி விலக்குக் கொடுத்தபோது, மரப் பகுதியில் வருடத்துக்குப் பத்து சதவீதமாவது விதிப்படி மாற்ற வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். இதை 2008லேயே செய்திருக்கலாமே! அதை விட்டுவிட்டு டென்னசி மாநிலத்துச் சாட்டநூகாவில் ஓட்டலாகக் கட்டிப்போட்டார்கள். ஓடிக்கொண்டிருந்தபோது பின்பக்கச் சிவப்புச் சக்கரத்தை இரண்டு பக்கமும் நீளக் கைகள் தள்ளித் தள்ளிச் சுற்றவைக்கும், என்ஜின் அறைக்குள் பயணிகளே இறங்கிப்போய் அதைப் பார்க்கலாம். கட்டிப்போட்ட கப்பலில் அதைப் பார்த்து என்ன செய்ய?

சுக்கான்:
பத்துப் பத்தாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் உங்களுக்கு மிச்சம் அந்தச் சக்கரமும் அடிப்பாகமும்தான். அது சம்மதம் என்றால் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

நீராவிப்பித்தன்:
சம்மதம். படிக்கட்டு மட்டும் பழசாக இருக்கட்டும்.

சுக்கான்:
ஆள் தப்பி ஓட வேண்டியதே படிக்கட்டு வழியாகத்தானே, அதை முதலில் மாற்றுங்கள்.