நாய், பூனை பல் பரிசோதனை: மயக்கம் கொடுக்காமல் பார்த்தால் போதாதா?

வாலாட்டி (கேள்வி):
தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டர் உதட்டைத் தூக்கி அரை நிமிடம் பார்த்துவிட்டு, "பல்லில் காரை (இறுகிய அழுக்கு) இருக்கு, ஒருநாள் மயக்கம் கொடுத்து முழுசா பார்த்துடலாம், எக்ஸ்ரேவும் எடுக்கணும்" என்கிறார். நாய்க்கு 6 வயது, 5 கிலோ, நன்றாகவே சாப்பிடுகிறது. பூனையும் ஒன்று இருக்கிறது. முழித்திருக்கும்போது பார்ப்பதற்கும் மயக்கத்தில் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்? அப்படி என்னதான் குறித்துக்கொள்கிறார்கள்?

ஈறும்வேரும்:
நன்றாகச் சாப்பிடுவதை வைத்து வாய் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். வேரில் சீழ் கட்டிய பல்லோடும் நாய் சாப்பிடும். வலிக்கிற பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் மெல்லும், இல்லாவிட்டால் மெல்லாமலே விழுங்கும்.

அந்த அரை நிமிடத்திலும் விஷயம் இருக்கிறது. முகம் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கிறதா, கண்ணுக்குக் கீழே வீக்கம் உண்டா (மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் வேரில் சீழ் வைத்தால் அங்கேதான் புடைக்கும்), தாடைக்கடியில் நிணநீர்க் கணு பெருத்திருக்கிறதா, வாடை எப்படி என்று பார்ப்பார். காரை ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் அந்தப் பக்கம் மெல்வதைத் தவிர்க்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் பின்பற்களின் நாக்குப் பக்கத்தை முழித்திருக்கும் நாயிடம் ஒழுங்காகப் பார்க்க முடியாது. ஈறுக்கு அடியில் இருப்பது கண்ணுக்கே தெரியாது.

மயக்கத்தில் செய்கிற முக்கிய வேலை அளப்பது. மில்லிமீட்டர் கோடு போட்ட மழுங்கிய முனைக் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக இறக்குவார்கள். ஒவ்வொரு பல்லையும் சுற்றி 4 முதல் 6 இடம். நாய்க்கு 42 பல், பூனைக்கு 30. நாயில் 3 மி.மீ. வரை இயல்பு, 5 கிலோ நாய் என்றால் 2 தாண்டினாலே கவனிக்கணும். பூனையில் இயல்பே அரை மி.மீ.தான்; 1 மி.மீ.க்கு மேல் போனால் கோளாறு.

இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். கம்பி 2 மி.மீ. மட்டும் இறங்குகிறது, ஆனால் ஈறு ஏற்கெனவே 4 மி.மீ. விலகி வேர் வெளியே தெரிகிறது என்று வையுங்கள். பையின் (ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளத்தின்) ஆழத்தை மட்டும் எழுதினால் "2, நல்லது" என்றாகிவிடும். உண்மையில் பல் இழந்த பிடிமானம் 6 மி.மீ. இரண்டையும் எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இதோடு பல்லின் ஆட்டம் 0 முதல் 3 வரை, வேர்கள் பிரிகிற கவட்டையில் கம்பி எவ்வளவு நுழைகிறது என்பது 1 முதல் 3 வரை. 3 என்றால் இந்தப் பக்கம் விட்ட கம்பி அந்தப் பக்கம் வந்துவிடுகிறது. கடைசியில் எக்ஸ்ரேயையும் சேர்த்து நிலை போடுவார்கள்: ஈறழற்சி மட்டும் என்றால் 1, பிடிமான இழப்பு 25%க்குள் 2, 50% வரை 3, அதற்கும் மேல் 4. நிலை 1ஐ முழுசாகத் திருப்பிவிடலாம். நிலை 2 முதல், போன எலும்பு தானாக வராது, இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை.

இந்த அளவுகளை எழுதும் சார்ட்டில் ஒவ்வொரு பல்லுக்கும் 208, 409 என்று எண் இருக்கும். முதல் இலக்கம் வாயின் நாலில் ஒரு பகுதி: வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. மற்ற இரண்டு இலக்கமும் அந்தப் பகுதியில் எந்தப் பல் என்பது: கோரைப்பல் எப்போதும் 04, முதல் கடைவாய்ப்பல் 09. சார்ட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் 409ல் 2, இந்த வருடம் 4 என்று ஒப்பிட முடிந்தால்தான் அது கண்காணிப்பு.

கதிர்ப்படம்:
எக்ஸ்ரே பற்றி மட்டும் சொல்கிறேன். வெளியே குறையே தெரியாத பற்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வு 1998ல் வந்தது. நாய்களில் 27.8%, பூனைகளில் 41.7% பேருக்கு சிகிச்சை முக்கியத்துவமுள்ள கோளாறு கிடைத்தது. ஆகவே "தேவைப்பட்டால் எடுப்போம்" என்பதைவிட முழு வாயும் எடுப்பதே சரி.

உங்கள் நாய் அளவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சின்ன நாய்களில் 309, 409 பற்களின் வேர் கீழ்த்தாடையின் அடி விளிம்பு வரை போகும். சுற்றி எலும்பு கரைந்திருந்தால், சோபாவிலிருந்து குதித்தாலே தாடை முறியலாம். பிடுங்கும்போதும் முறியலாம். அதனால் கை வைக்கும் முன் படம் வேண்டும்.

இல்லாத பல்லையும் படம் எடுக்கணும். 305, 405 (கீழ்க் கோரைப்பல்லுக்கு அடுத்தவை) முளைக்காமல் உள்ளேயே கிடந்தால் நீர்க்கட்டி உருவாகி எலும்பைத் தின்றுவிடும்.

பூனைப்பல்:
பூனையில் முதலில் தேட வேண்டியது பல் கரைதல். பெரும்பாலும் 307, 407ல் தொடங்கும். ஈறு விளிம்பில் சின்னச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். குழிக்குள் ஈறு வளர்ந்து மூடியிருக்கும். கம்பி பட்டதும், லேசான மயக்கத்திலும்கூட, தாடை படபடவென்று அடித்துக்கொள்ளும். அவ்வளவு வலி. எக்ஸ்ரேயில் வேர் தெளிவாகத் தெரிந்தால் முழுப்பல்லையும் எடுக்கணும். வேர் எலும்போடு எலும்பாகிப் போயிருந்தால், அழற்சி வேறு இல்லாதபட்சத்தில், பல்லின் வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டி ஈறைத் தைக்கலாம். படம் இல்லாமல் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

இன்னொன்று, பூனை வாயை ஸ்பிரிங் வைத்த திறப்பானால் அகலமாக நீண்ட நேரம் திறந்து வைக்கக் கூடாது. கண்ணுக்கும் மூளைக்கும் போகும் இரத்தக் குழாய் அழுந்தி, பார்வையே போன பூனைகள் உண்டு. கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வாலாட்டி:
ரொம்ப நன்றி. மயக்கமே இல்லாமல் சுத்தம் செய்கிறோம் என்கிறார்களே, அது?

ஈறும்வேரும்:
வேண்டாம். தெரிகிற காரையை மட்டும் சுரண்டுவார்கள். பல் வெள்ளையாகிவிடும், ஈறுக்கடியில் நோய் அப்படியே இருக்கும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். அதுதான் ஆபத்து. சுரண்டிய கீறலைப் பாலிஷ் செய்யாவிட்டால் அழுக்கு இன்னும் வேகமாக ஒட்டும்.

மயக்கத்தில் பயம் இருந்தால் இவற்றைக் கேளுங்கள்: முன்கூட்டியே சிறுநீரகம், கல்லீரல் இரத்தப் பரிசோதனை, ஸ்கேலர் (காரை எடுக்கும் கருவி) தண்ணீர் நுரையீரலுக்குப் போகாமலிருக்க மூச்சுக்குழாயில் காற்றுப்பை வைத்த குழாய். வாய் நனைந்தே இருப்பதால் 5 கிலோ உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதற்கு வெப்ப விரிப்பு. தொண்டையில் துணி வைத்தால் எண்ணி வைத்து, எண்ணி எடுக்கணும்.

வீட்டில் தினமும் துலக்குங்கள். படிவு ஓரிரு நாளில் காரையாக இறுகத் தொடங்கிவிடும், வாரம் ஒருமுறை துலக்கிப் பயனில்லை. மனிதர் பேஸ்ட் கூடாது, அதில் சைலிட்டால் இருந்தால் நாய்க்கு விஷம். நகத்தால் அழுத்திப் பதியாத எலும்பு, கொம்பு எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். 108, 208 (மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பற்கள்) பிளந்துபோவது அதனால்தான். பல் பிடுங்கியிருந்தால் தையல் ஆறும்வரை, சுமார் 2 வாரம், அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது.