பொங்கல் லீவில் ஊட்டி: 16 பேரும் ஒரே வரிசையிலா?

உள்ளான்:
ஜனவரி 14 முதல் 16 வரை ஊட்டியில் பறவை பார்க்கப் போகிறோம். மொத்தம் 16 பேர், ஒரு டெம்போ டிராவலர். காலை 5.30க்கு ரூமை விட்டுக் கிளம்பி முதலில் தலைக்குந்தா புல்வெளி, 9 மணிக்கு மேல் கெய்ர்ன்ஹில் காடு, சாயங்காலம் தொட்டபெட்டா ரோடு. நீலகிரி சிரிப்பான், நீலகிரி சோலைக்கிளி, காஷ்மீர் ஈப்பிடிப்பான் மூன்றும் கிடைத்தால் போதும். சோலைக்கிளியை வெளியே வரவழைக்க அதன் குரல் பதிவும் சின்ன ஸ்பீக்கரும் கொண்டு வருகிறேன். ஆட்சேபம் இருந்தால் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.

கோடப்பமந்து:
இடமும் நேரமும் தலைகீழாக இருக்கிறது சார். ராத்திரி குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். தலைக்குந்தாவில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிற அதே காலையில், மேலே சோலைக் காட்டுக்குள் இலை ஈரமாக மட்டும் இருக்கும். உறைந்த புல்லிலிருந்து பூச்சி கிளம்பாது. பூச்சி கிளம்பாத இடத்தில் ஆறு மணிக்கு நின்று யாரைப் பார்க்கப் போகிறீர்கள்? ஜனவரி நடுவில் அங்கே சூரியன் எழ ஆறே முக்கால் ஆகும். ஏழேகால் மணிக்குக் கிழக்கு பார்த்த சோலை விளிம்பில் நில்லுங்கள். வெயில் முதலில் மர உச்சியில் விழும். அது கீழே இறங்க இறங்க வெள்ளைக்கண்ணி, கதிர்க்குருவி போன்ற சின்னப் பறவைகளும் கூடவே இறங்கும். புல்வெளியை 9 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், பனிமூட்டத்தில் 16 பேர் இறங்கி நடந்தால் காட்டுமாடு பத்தடியில் நிற்பதுகூடத் தெரியாது, அது வேறு.

அடுத்தது ஆள் கணக்கு. ஆளுக்கு ஒரு மீட்டர் இடைவெளி என்றாலே முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் 15 மீட்டர். சோலைக்கிளி பாதை ஓரத்தில் சில வினாடிதான் நிற்கும். முன்னால் போகும் நான்கு பேர் பார்ப்பார்கள், மீதிப் பேர் அவர்கள் முதுகைப் பார்ப்பார்கள். எட்டெட்டாகப் பிரியுங்கள்.

உள்ளான்:
புல்வெளி விஷயம் சரி, மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ஏழேகால் ரொம்பத் தாமதம். நீங்கள் சொல்வது ஈப்பிடிப்பானுக்கும் கதிர்க்குருவிக்கும் பொருந்தும். சோலைக்கிளி மங்கிய வெளிச்சத்தில்தான் புதரை விட்டுப் பாதைக்கு வரும்; வெயில் ஏறினால் உள்ளே போய்விடும். அதனால் கிளம்புவது 5.30 இல்லாவிட்டாலும் 6.

பிரிப்பது முடியாது. குரல் கேட்டுப் பறவை சொல்லக்கூடியவர் அணியில் ஒருவர்தான். அவர் இல்லாத எட்டுப் பேர் என்ன செய்வார்கள்? தவிர இது முட்டையிடும் காலம் இல்லை, ஒலிபரப்பினால் கூடு கலையும் என்ற பயமும் இல்லை.

சிறகு_78:
அந்தக் கடைசி வரிக்குத்தான் வந்தேன். கூடு இல்லை என்பதால் எல்லை இல்லை என்று ஆகிவிடாது. குளிர்கால விருந்தாளிகளான ஈப்பிடிப்பான்களே வந்த இடத்தில் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை விரட்டும். உங்கள் ஸ்பீக்கர் அதற்கு எதிராளி. இல்லாத எதிராளியைத் தேடி அது அலைகிற பத்து நிமிடம் இரை தேடாத பத்து நிமிடம். பகலும் குறுகல், ராத்திரி உறைபனி. பொங்கல் லீவில் நீங்கள் ஒரு அணி மட்டுமா வருகிறீர்கள்? தொட்டபெட்டா ரோட்டில் ஒரே பறவைக்கு ஒரே நாளில் நான்கு ஸ்பீக்கர் பாடினால்? நீலகிரி சோலைக்கிளி பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே கிடையாது, இருக்கும் இடமே கொஞ்சம், தெரியும்தானே.

பதிலாக: சோலைக்குள் ஓடை பாதையைக் கடக்கும் இடம் ஒன்றைப் பிடித்து, தரையோடு உட்கார்ந்து, இருபது நிமிடம் அசையாமல் இருங்கள். சருகு புரள்கிற சத்தம்தான் முதலில் வரும்.

(புதியவர்களுக்கு: பேரைப் பார்த்துப் பச்சைக்கிளியைத் தேடாதீர்கள். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை.)

நுவரெலியா வாசி:
காஷ்மீர் ஈப்பிடிப்பான் இங்க விக்டோரியா பூங்காவுக்கும் வாறது. அதுக்குச் சோலையும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம். ஆக்கள் நடமாடுற பூங்காவில மரத்தின்ர கீழ்க் கொப்பில இருக்கும், தரைக்கு இறங்கிப் பூச்சியை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறும். அதனால ஊட்டி தாவரவியல் பூங்காவையும் திட்டத்தில சேருங்கோ. ஆணைச் செந்தொண்டை ஈப்பிடிப்பானோட குழப்பாதேங்கோ: காஷ்மீர் ஆணுக்குச் சிவப்பு நெஞ்சைத் தாண்டியும் போகும், கழுத்துப் பக்கத்தில கறுப்புக் கரை பிடிச்சிருக்கும். பெட்டையை ஒரு பார்வையில பேர் சொல்லுற ஆளை நான் நம்பமாட்டன்.

பட்டாணிக்குருவி:
ஆள் கணக்கில் நான் உள்ளான் அண்ணன் பக்கம். பல இனப் பறவைகள் சேர்ந்த கலப்புக் கூட்டம் ஒன்று மேலே நகரும்போது 16 ஜோடிக் கண் இருப்பது லாபம்தான், ஒழுங்கு இருந்தால். வரிசையாக நடந்து வந்து, நிற்கும்போது பறவை இருக்கும் பக்கம் திரும்பிப் பக்கவாட்டில் விரியுங்கள், குட்டையானவர்கள் முன்னால். கைநீட்டிக் காட்டக் கூடாது. "பெரிய மரம், வலது கவை, கடிகாரத்தில் 2 மணி" என்று ஒருவர் மட்டும் மெதுவாகச் சொல்ல வேண்டும். சாம்பல்தலை ஈப்பிடிப்பானின் சிலம்பல் கேட்டதும் பேச்சை நிறுத்துங்கள், பெரும்பாலும் பின்னால் கூட்டம் வருகிறது.

பொங்கல் பறவை கணக்கெடுப்பு நாட்கள் என்பதால் இன்னொன்று: பார்த்த பறவைகளின் பட்டியலை ஒருவர் மட்டும் போட்டு மற்றவர்களுக்குப் பகிருங்கள். 16 பேரும் தனித்தனியாகப் போட்டால் ஒரே 5 சிரிப்பான் 80 ஆகிவிடும்.

கோடப்பமந்து:
பக்கவாட்டில் விரிய ரோட்டில் இடம் உண்டு தம்பி, சோலைப் பாதையில் ஏது? விரிந்தால் செடியை மிதிப்பீர்கள். ரோட்டில் 16, சோலைக்குள் 8. குரல் தெரிந்தவர் இரண்டு நடை போகட்டும்; மீதி எட்டுப் பேர் அந்த நேரம் பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தேடலாம்.

மற்றவை: வெளிமாவட்ட வண்டி என்றால் இ-பாஸ் இல்லாமல் மலை ஏற முடியாது, முன்னாலேயே எடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் சோதனைச்சாவடியில் பறிபோகும். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். காப்புக்காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

பைனாகுலர் கண்ணாடி காலையில் மங்குவது உங்கள் மூச்சாலும் முகத்து ஈரத்தாலும். மப்ளரை மூக்கு வரை இழுத்துக் கட்டினால் மூச்சு மேல்நோக்கிப் போய் நேராகக் கண்ணாடியில் படும், கட்டாதீர்கள். கேமராவைக் குளிரிலிருந்து ரூமுக்குக் கொண்டுவரும்போது ஜிப் பையில் மூடி, அரை மணி நேரம் திறக்காமல் வையுங்கள். உதிரி பேட்டரி சட்டைக்கு உள்பாக்கெட்டில் இருக்கட்டும், குளிரில் சீக்கிரம் இறங்கும்.

உள்ளான்:
சோலைக்குள் எட்டு, ஒத்துக்கொள்கிறேன். ஸ்பீக்கர் வீட்டிலேயே இருக்கும். 6 மணி மட்டும் மாறாது. வண்டி ஸ்டார்ட் ஆகும்போது மப்ளர் தேடுகிறவரை விட்டுவிட்டுப் போவோம்.

சிறகு_78:
6க்குக் கிளம்பி ஓடைக்கரையில் இருட்டிலேயே உட்காருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. செல்போனிலும் அந்தக் குரல் இருக்கிறதே, அதையும் அணைக்கச் சொல்லுங்கள். 16 பேர் பாக்கெட்டிலும்.