கொரியன் புல்தரையில் கோரை: எடுக்க எடுக்க வருகிறது, என்ன செய்யலாம்?

செம்மண்:
வணக்கம். மதுரையில் வீட்டுக்கு முன்னால் 600 சதுர அடிக்குக் கொரியன் புல் போட்டிருக்கிறோம். நர்சரியிலிருந்து மண்ணோடு வெட்டி வந்த புல்லைப் பதித்தது. மாசி வரைக்கும் நன்றாக இருந்தது. வெயில் ஏறியதும் இடையிடையே கோரை கிளம்பிவிட்டது, ஓரங்களில் அம்மான் பச்சரிசியும் புளியாரையும். களைக்கொத்தியால் கிளறி எடுத்தால் ஒரே வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் நிற்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார் ஒருவர், கிளைபோசேட் களைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார் இன்னொருவர். மதிலை ஒட்டி அம்மா கத்தரி, தக்காளி வைத்திருக்கிறார். வீட்டில் சின்னக் குழந்தை வேறு. தண்ணீர் தினமும் காலையும் மாலையும் விடுகிறோம். வழி சொல்லுங்கள்.

தோட்டக்காரி:
இரண்டுமே வேண்டாம் தம்பி. உப்பு மண்ணைக் கெடுத்துவிடும், அப்புறம் உங்கள் புல்லும் வராது. கிளைபோசேட் புல், களை எல்லாவற்றையும் சேர்த்துக் கருக்கிவிடும். அதுவும் 2022 அக்டோபரில் வந்த ஒன்றிய அரசின் உத்தரவுப்படி, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலமாகத்தான் அதை அடிக்க வேண்டும்.
முதலில் அது கோரைதானா என்று பாருங்கள். தண்டை அடியில் பிடித்து விரலுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். பூ என்ன நிறம்? தோண்டினால் கிழங்கு இருக்கிறதா?

செம்மண்:
மூன்று விளிம்பு இருக்கிறது அக்கா. பூ செம்பழுப்பு. தோண்டிப் பார்த்தேன், கறுப்பாகச் சின்னச் சின்னக் கிழங்குகள், ஒரே வேரில் மணி கோத்த மாதிரி வரிசையாக இருக்கின்றன.

கரும்புக்காடு:
கோரையேதான். முத்தக்காசு என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பது இந்தக் கிழங்குதான். மேலே இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். நீங்கள் கொத்தும்போது அந்தக் கோவை அறுந்து, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் தனித்தனியாக முளைக்கும். ஒரு வாரத்தில் திரும்பி வருவது இதனால்தான். நர்சரி மண்ணிலேயே கிழங்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.
கரும்பில் கோரைக்கு நாங்கள் ஹாலோசல்ஃபியூரான் மெத்தில் 75% என்ற களைக்கொல்லித் தூளைக் கரைத்து அடிக்கிறோம். கொரியன் புல்லும் அருகும் அதைத் தாங்கும். ஆனால் அளவு முக்கியம். ஏக்கருக்கு 36 கிராம். 600 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் அரை கிராம்தான் வரும். ஸ்பூனால் குத்துமதிப்பாகப் போடாதீர்கள், நகைத் தராசு மாதிரி சின்ன எலக்ட்ரானிக் தராசில் நிறுங்கள். இரண்டரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, இலையில் ஒட்டும் திரவம் சேர்த்து, காற்றில்லாத காலையில் அடியுங்கள். முந்தின இரண்டு நாளும் பிந்தின இரண்டு நாளும் புல்லை வெட்டக்கூடாது, இலை இருந்தால்தான் மருந்து கிழங்குக்கு இறங்கும். உடனே கருகாது. மஞ்சளாகி விழ மூன்று வாரம்கூட ஆகும். கருகவில்லையே என்று மறுபடி அடிக்காதீர்கள்.

தோட்டக்காரி:
கரும்புக்காடு அண்ணன் சொல்வது சரி, ஆனால் எனக்கு மருந்து இரண்டாவதுதான். அது மண்ணில் மாதக்கணக்கில் தங்கக்கூடியது, தண்ணீரோடு கத்தரிப் பாத்திக்குப் போனால் செடி குன்றிவிடும். பாத்தியை ஒட்டிய ஓரத்தில் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது, அங்கே கையால்தான்.
தம்பி, நீங்கள் இரண்டு வேளையும் விடும் தண்ணீர்தான் கோரைக்கு விருந்து. மேல் மண் எப்போதும் ஈரமாக இருந்தால் அது கொழிக்கும், உங்கள் புல்லின் வேர் மேலேயே நின்றுவிடும். வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் போதும், ஆனால் நான்கைந்து அங்குலம் நனைகிற மாதிரி அதிகாலையில் விடுங்கள். புல்லை ஒட்ட வெட்டாதீர்கள், ஒன்றரை அங்குலம் நிற்கட்டும். கோரைக்கு நிழல் ஆகாது, புல் அடர்ந்தாலே பாதி அடங்கும்.
அம்மான் பச்சரிசியை ஈர மண்ணில் அடியோடு இழுத்தால் ஆணிவேர் முழுசாக வரும். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புளியாரையைக் காய் வெடித்து விதை சிதறும் முன்னால் எடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் 2,4-டி என்ற களைக்கொல்லி வாங்கப் போகாதீர்கள், இந்த வெயிலில் அதன் ஆவி பட்டாலே தக்காளி இலை சுருண்டுவிடும்.

செம்மண்:
மருந்தே இல்லாமல் கையால் எடுத்துத் தீர்க்க முடியாதா? குழந்தை புல்லில்தான் விளையாடுகிறது.

தோட்டக்காரி:
எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாலைந்து திட்டு என்றால் முடியும். கோரை முளைத்து மூன்று, நான்கு வாரத்தில் புதுக் கிழங்கு கட்ட ஆரம்பிக்கும். அதற்குள், நான்கைந்து இலை விடும்போதே, கிளறாமல் கத்தியை ஆழமாக இறக்கிக் கிழங்கோடு எடுங்கள். ஒரு வாரம்கூட விடக்கூடாது. கிழங்கில் சத்து தீரும்வரை இந்த வேலை இருக்கும். எடுத்ததை உரக்குழியில் போடாதீர்கள்.

கரும்புக்காடு:
தரை முழுக்கப் பரவியிருந்தால் கை வேலை கட்டாது. அடிக்கிற நாளில் புல் வாடியிருக்கக்கூடாது, முந்தின நாள் தண்ணீர் காட்டுங்கள். அடித்த பிறகு ஒரு நாள் தண்ணீர் விடாதீர்கள். பாக்கெட்டில் உள்ள எச்சரிக்கையைப் படித்துவிட்டு கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மருந்து நன்றாகக் காய்ந்து, அடுத்த தண்ணீரும் விட்டு, தரை உலரும்வரை குழந்தையை இறக்க வேண்டாம். மிச்சமான தூளைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

செம்மண்:
எண்ணிப் பார்த்தேன், ஆறு திட்டுதான், இரண்டு பாத்திக்குப் பக்கத்திலேயே. அதனால் முதலில் தண்ணீரைக் குறைத்து, கத்தியோடு இறங்குகிறேன். ஆடி வரைக்கும் அடங்கவில்லை என்றால், பாத்தியை விட்டுத் தள்ளி இருக்கும் நான்கு திட்டுக்கு மட்டும் மருந்து. இருவருக்கும் நன்றி.